பாட்டிலும் சீட்டும் போதும்: அறிவியல் திருப்புதல்

ஐந்தாம் வகுப்புக்கு அறிவியலைத் திருப்பிப் பார்க்கும்போது நான் புத்தகத்தைக் கடைசியில்தான் திறப்பேன். முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டில். கால்பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மேஜையில் வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும், அதன்மேல் வண்டல், களிமண் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். படிவுப் பாறை ஏன் அடுக்கடுக்காக இருக்கிறது என்று அப்புறம் பிள்ளைகளே சொல்வார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் உணவுச் சங்கிலி. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து எனச் சீட்டு எழுதி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அம்புக்குறி உண்ணும் உயிரை நோக்கிப் போக வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் திருப்பித்தான் போடுவார்கள். இறந்த உயிர்களை மட்கச் செய்யும் பூஞ்சைக்குச் சீட்டு எழுத மறந்து நானே ஒருமுறை ஒரு மாணவியிடம் மாட்டிக்கொண்டேன்.

பருவகாலம் வருவது பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 பாகை சாய்ந்திருப்பதால்; சூரியனை நெருங்குவதால் அல்ல. இதை மட்டும் இரண்டு முறை கேளுங்கள்.