ஜெர்மனி வாடகை வீட்டில் பாட்டு கேட்பது எப்படி

ஜெர்மனியில் வீட்டு ஒப்பந்தத்தோடு "ஹவுஸ்ஓர்ட்னுங்" என்று ஒரு தாளும் தருவார்கள். கட்டடத்துக்கான விதிகள் அதில் இருக்கும். பலர் கையெழுத்துப் போட்டதோடு அதை மறந்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் படிக்க வேண்டியது அதைத்தான். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பது பொதுவான வழக்கம். ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் பகல் முழுக்க அமைதி நாள். சில கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் சேர்த்திருப்பார்கள். சனிக்கிழமை வேலைநாள் கணக்கில்தான் வரும். அதனால் கொஞ்சம் சத்தமாகக் கேட்க ஆசைப்பட்டால் சனிக்கிழமை மாலையே நல்ல நேரம்.

அமைதி நேரத்தில் பாட்டே கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சத்தம் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த் தொந்தரவு தரக்கூடாது, அவ்வளவுதான். வீட்டில் கேட்கும் பாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று நாடு முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. ஆகவே நீங்களே சோதித்துப் பாருங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை ஓடவிட்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய் நில்லுங்கள். என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடிந்தால் சத்தம் அதிகம். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். இங்கே பெரும்பாலான கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், திறக்க வருபவருக்குக் கொடுக்கும் கூலி பெரிது.

இந்தச் சோதனையில் காற்று வழியாகப் போகும் சத்தம் மட்டும்தான் தெரியும். சண்டை வருவது பெரும்பாலும் தரை வழியாகப் போகும் அதிர்வால். வாய்ப்பாட்டையும் வயலினையும் சுவர் நன்றாகவே மட்டுப்படுத்திவிடும். மிருதங்கத்தின் தொப்பி, தவில், சினிமாப் பாட்டின் அடிநாதத் (பேஸ்) தாளம் இவை அப்படியில்லை. ஸ்பீக்கர் பெட்டி அதிர்ந்து, அது நிற்கும் பலகை அதிர்ந்து, கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் போய் முட்டும். உங்களுக்கு மெல்லிய கச்சேரி, கீழே இருப்பவருக்கு "டும் டும்" மட்டும். அதனால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒருமுறை நேரில் போய், "கேட்கிறதா?" என்று விசாரித்துவிடுவது நல்லது.

அடிநாதத்தைக் கட்டுப்படுத்தச் செய்ய வேண்டியவை:

ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் திருகிய அலமாரியிலும் வேண்டாம். கனமான மேசையில் வைத்து, அடியில் 2 செ.மீ. தடிமனுள்ள ரப்பர் துண்டுகளைக் கொடுங்கள். வாஷிங் மெஷினுக்கு அடியில் போடும் அதிர்வு தாங்கும் ரப்பர் பாய் கட்டுமானப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதை வெட்டிப் போட்டாலே போதும்.

மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து அடிநாதத்தைப் பெருக்கும். சுவரிலிருந்து 30 முதல் 50 செ.மீ. தள்ளி வையுங்கள்.

கிட்டத்தில் உட்காருங்கள். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது; ஆனாலும் 3 மீட்டரில் சோபாவில் சாய்ந்து கேட்பதைவிட 1 மீட்டரில் இருந்து கேட்டால் வால்யூமைக் கணிசமாகக் குறைக்கலாம். சின்ன அறையில் நாம் தருகிற முதல் ஆலோசனை இதுதான். காசும் செலவில்லை.

தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் குறையுங்கள். சில ஆம்ப்ளிஃபையரில் "லவுட்னெஸ்" என்று ஒரு பொத்தான் இருக்கும். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடிநாதம் குறைவாகக் கேட்கும் என்பதால், அதை ஏற்றித் தருவதற்காக வைத்த வசதி. இரவில் அதை அணைத்துவிடுங்கள். மரச்சட்டத் தளம் போட்ட பழைய கட்டடங்களில், அடிநாதத்துக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வேண்டவே வேண்டாம்.

சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் அட்டைகளை வாங்கிப் பலர் ஏமாறுகிறார்கள். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பாட்டு தெளிவாகும். அடுத்த வீட்டுக்குப் போகும் சத்தத்தை அவை தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவர்தான் வேண்டும். பிசினோடு உரித்தால் பெயின்ட்டும் கூட வரும், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பாட்டோ வாத்தியமோ சாதகம் செய்பவர்களுக்கு ஓர் ஆறுதல். வீட்டில் டிரம்பெட் வாசித்த ஒருவர் மீதான வழக்கில், மத்திய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் வாசிப்பதை முழுக்கத் தடுக்க முடியாது. வேலைநாளில் 2 முதல் 3 மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாட்களில் 1 முதல் 2 மணி நேரம் என்பதைத் தோராய அளவாகக் கொள்ளலாம் என்றது. அமைதி நேரம் இதிலும் உண்டு. அதிகாலைச் சாதகம் பழகியவர்கள் காலை 8 மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் வம்பில்லை.

மாதம் ஒருமுறை விருந்து வைத்துக் கத்தலாம் என்று ஒரு நம்பிக்கை இங்கே பரவியிருக்கிறது. அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லை. பிறந்தநாளோ பொங்கலோ, மூன்று நான்கு நாள் முன்பே படிக்கட்டுப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். தேதி, முடியும் நேரம், உங்கள் கைபேசி எண் மூன்றும் இருக்கட்டும். 10 மணிக்கு ஜன்னலைச் சாத்திச் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். கோபமுள்ள பக்கத்து வீட்டுக்காரர் தேதியும் மணியும் குறித்து ஒரு பட்டியல் எழுதி வீட்டு உரிமையாளரிடம் கொடுப்பார். அதன்பேரில் எச்சரிக்கைக் கடிதம் வந்தால் சும்மா இருக்காதீர்கள், எழுத்தில் பதில் கொடுங்கள். தொடர்ந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்லும் அளவுக்குப் போகும்.

இரவுக்கு ஹெட்போன்தான். மூடிய வகையை வாங்குங்கள். திறந்த வகையில் சத்தம் வெளியே கசியும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் வரை என்பது காதுக்குப் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

இன்னொரு பெரிய தொல்லை, கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிரும் டாரன்ட். ஊரில் பழகிய கையோடு இங்கே பாட்டோ புதுப்படமோ டாரன்ட்டில் இறக்காதீர்கள். நீங்கள் இறக்கும்போதே இறங்கிய துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றியும் விடுகிறது அந்த மென்பொருள். அப்படி ஏற்றிவிடுவதுதான் வினை. உரிமையாளர்களின் ஆட்கள் ஐபி முகவரியைக் குறித்து, நீதிமன்றம் வழியாகப் பெயர் வாங்கி, வக்கீல் கடிதம் அனுப்புவார்கள். பல நூறு யூரோ கேட்கும் அந்தக் கடிதம் இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும், இறக்கியவர் அறைத் தோழராக இருந்தாலும். வந்துவிட்டால் கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். கூடவே வரும் உறுதிமொழித் தாளில் அப்படியே கையெழுத்தும் போடாதீர்கள். அது பல்லாண்டு உங்களைக் கட்டிப்போடும். நுகர்வோர் மையத்திலோ வக்கீலிடமோ முதலில் காட்டுங்கள்.

முகவரி பதிந்த சில வாரத்தில் வரும் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் மோசடி அல்ல. 2021 ஆகஸ்டிலிருந்து அது மாதத்துக்கு 18.36 யூரோ. "டிவி இல்லை, ரேடியோ இல்லை" என்பது செல்லாது. கட்டணம் வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். கட்டுகிறோம் என்று ஆனபிறகு அனுபவிக்கவும் செய்யலாம்: டாய்ச்லாண்ட்ஃபங்க் குல்டூர், பிஆர் கிளாசிக் வானொலிகளில் முழுக் கச்சேரிகள் விளம்பரமில்லாமல் வரும்.

ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்கை வெளிநாட்டில் 14 நாள்தான் பயன்படுத்தலாம். பிறகு கணக்கில் பதிந்துள்ள நாட்டை மாற்ற வேண்டும். கட்டணக் கணக்கில் நாட்டை மாற்ற ஜெர்மனியில் வாங்கிய கார்டு தேவை. இறக்கி வைத்த பாட்டுகள் நிலைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும். உரிமம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால், பழைய பட்டியலில் சில பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிடும். கிளம்புவதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் படம்பிடித்து வையுங்கள். அதே பாட்டு வேறு நிறுவனத்தின் தொகுப்பில் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

நேரலை கேட்க: குளிர்காலத்தில் சென்னை நான்கரை மணி நேரம் முன்னே இருக்கும். மார்கழியில் மாலை 6 மணிக் கச்சேரி இங்கே மதியம் 1.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் மூன்றரை மணி. அகில இந்திய வானொலியின் கைபேசிச் செயலியில் சென்னை நிலையங்களும், முழுநேரச் செவ்வியல் இசைக்கான ராகம் அலைவரிசையும் கிடைக்கும்.

சைக்கிளில் ஹெட்போன் போடத் தடையில்லை. வண்டிச் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதே விதி. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டியபடி கைபேசியைக் கையில் எடுத்துப் பாட்டு மாற்றினால் 55 யூரோ அபராதம், காரில் 100 யூரோவும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளியும். ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு மாற்றுங்கள்.