கர்ப்பிணிகளுக்கு ஒரு மாரிக்காலக் குறிப்பு

மார்கழியில் மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கம் வாடைக்காற்று கிளம்பினால் முதலில் விறைப்பது கால்தான். காலைச் சூடாக்கினால் பாதிக் குளிர் போய்விடும். சொக்ஸ் போடுங்கள். சுடுதண்ணிப் போத்தலும் வைக்கலாம். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கொஞ்சம் ஆறவிட்டு, மூடியை இறுக்கி, துவாயில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். வயிற்றில் வேண்டாம். நித்திரைக்கு முன் எடுத்துவிடுங்கள்.

தடித்த கம்பளி ஒன்றைவிட மெல்லிய போர்வை இரண்டு நல்லது (மருதமுனைக் கைத்தறிச் சாரம் இருந்தால் அதுவே போதும்). வியர்த்தால் ஒன்றைத் தள்ளிவிடலாம். முதல் 3 மாதத்தில் உடம்பு மிகவும் சூடேறுவது பிள்ளைக்கு ஆகாது. 28 வாரம் தாண்டினால் எதைப் போர்த்தினாலும் சரிந்து படுங்கள், மல்லாந்து வேண்டாம்.

அம்மம்மா எவ்வளவு சொன்னாலும் பூட்டிய அறைக்குள் தணல் சட்டி கூடவே கூடாது. கரிப்புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. தாயின் இரத்தத்தில் ஒட்சிசனைக் குறைத்து வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும்.

காய்ச்சலோடு நடுங்கினால் அது வேறு கதை. இழுத்துப் போர்த்திப் படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மழைக்காலம் இங்கே டெங்குக் காலமும்தான்.