ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு புதிய நாட்டில்: தெரபிக்குக் காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை

நாடு மாறி வந்த பெற்றோர் முதலில் தேடுவது தெரபி சென்டரை. ஆனால் பல நாடுகளில் மதிப்பீட்டுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளையோ பழகிய படுக்கை, தெரிந்த முகங்கள், போகும் வழி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்திருக்கிறது. தூக்கம் கெடும், மறுபடி படுக்கை நனையும், சாப்பாட்டில் பிடிவாதம் கூடும். அதனால் வீட்டின் அன்றாட ஒழுங்கைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். வந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோனால் மட்டும் "இடமாற்றத்தால்தான்" என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வந்த முதல் வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து, பரிந்துரைக் கடிதம் வாங்கி வரிசையில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். யாராவது அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லி வையுங்கள். பலருக்கு இப்படித்தான் முன்னதாகவே இடம் கிடைக்கிறது. காது கேட்கும் திறன் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள், எப்படியும் அதைக் கேட்பார்கள். பள்ளி வழியாகக் கிடைக்கும் உதவிக்குப் பல இடங்களில் இறுதி மருத்துவ முடிவு தேவையில்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டும், தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஊரில் வாங்கிய ஊனச் சதவீதச் சான்றிதழ் இங்கே பெரிதாக எடுபடாது. எந்தச் சோதனை செய்தார்கள், பிள்ளை எதைத் தானே செய்கிறது, எதற்கு உதவி வேண்டும் என்று எழுதிய அறிக்கைதான் உதவும். கூடவே ஒரு நிமிட வீடியோக்கள் மூன்று நான்கு எடுத்து வையுங்கள்: வேண்டியதை எப்படிக் கேட்கிறது, தனியாக எப்படி விளையாடுகிறது, நிலைகுலையும்போது என்ன நடக்கிறது. டாக்டர் அறையில் இவை எதுவும் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். மூத்த பிள்ளையை அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் பிள்ளையின் நிலையும் கணக்கில் வரலாம். அதற்காக மறைத்தால் பின்னால் சிக்கல் பெரிதாகும். உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் முதலில் பேசுங்கள்.

இனி வீடு. பட அட்டவணை (அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளைப் படங்களாக வரிசையில் காட்டுவது) என்றதும் பலர் இணையத்திலிருந்து இருபது கார்ட்டூன் படங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள். பிள்ளை திரும்பியும் பார்க்காது. உங்கள் வீட்டுக் குளியலறை, உங்கள் கதவு, பிள்ளையின் பையையே போட்டோ எடுங்கள். ஒரு நேரத்தில் மூன்று படம் போதும், காலைக்கு மட்டும் தொடங்குங்கள். வெல்க்ரோவில் ஒட்டி, ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையின் கையாலேயே எடுத்து "முடிந்தது" பெட்டியில் போட வையுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் அட்டவணை வெறும் அலங்காரம். "மாற்றம்" என்று ஒரு அட்டையும் வேண்டும். அதை முதல் நாலைந்து முறை நல்ல மாற்றத்துக்கே காட்டுங்கள்: பாடத்துக்குப் பதில் ஊஞ்சல். ஊசி போடும் நாளில்தான் முதல்முறை அந்த அட்டை வெளியே வந்தால், பிறகு அதைக் கண்டாலே அலறல்தான்.

சொல்வதும் சுருக்கமாக இருக்கட்டும். "ஓடாதே" என்பதைவிட "நட" எளிது. ஒரு முறை சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால், பிள்ளைக்கு அது புதுக் கட்டளை, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உடுத்தல் போன்ற வேலைகளைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக் கொடுங்கள். ஜாக்கெட் ஜிப் என்றால், நீங்கள் கோத்துக் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிவிட்டு, கடைசி இரண்டு விரற்கடையை மட்டும் பிள்ளை இழுக்கட்டும். அது பழகியதும் நீங்கள் நெஞ்சுவரை மட்டும் ஏற்றுங்கள், பிறகு வயிறுவரை. கீழ்முனையைக் கோப்பது எல்லாவற்றையும்விடக் கடினம், அதனால் அது கடைசியில். ஒவ்வொரு முறையும் வேலை பிள்ளையின் கையில் முடிவதால் அடுத்த முறை தானே கை நீட்டும். ஜிப்பின் பிடி சிறியதாக இருந்தால் அதில் ஒரு வளையம் மாட்டிவிடுங்கள்.

"வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்" என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் நீங்கள்தான் குறைவாகப் பேசுவீர்கள், கொஞ்சல் போய்விடும். பள்ளியில் பயன்படுத்தும் அதே படங்களை வாங்கி, வீட்டில் தமிழ்ச் சொல்லோடு பயன்படுத்துங்கள்.

தெரபி கிடைத்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாத இலக்கு என்ன? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பிள்ளை மறுத்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவதற்கு வரும் பதிலை வைத்தே அந்த இடத்தை எடைபோடலாம். யாருக்கும் இடைஞ்சல் தராமல் பிள்ளை திரும்பத் திரும்பக் கையசைக்கும் பழக்கத்தை நிறுத்துவதே இலக்கு என்றால், ஏன் என்று கேளுங்கள். "குணப்படுத்துகிறோம்" என்பவர்களிடம் போகவே வேண்டாம். உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கிலேஷன் சிகிச்சை, ப்ளீச் போன்ற குளோரின் டை ஆக்சைடு கரைசல் இரண்டும் உயிருக்கே ஆபத்து.

நிலைகுலையும் நேரம் பாடம் நடத்தும் நேரம் அல்ல. விளக்கைக் குறைத்து, பேச்சை நிறுத்தி, இடித்துக்கொள்ளும் பொருட்களை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அலறல் கேட்டு அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிடுவது நடக்கக்கூடியதே. குடியேறிய வாரமே இருபுற வீடுகளுக்கும் நாலு வரிக் குறிப்பு கொடுங்கள்: பிள்ளைக்கு ஆட்டிசம், சில நேரம் சத்தம் வரும், வெளியே தனியாகப் பார்த்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வெளியே ஓடும் பிள்ளையென்றால் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொக்கியும், திறந்தால் ஒலிக்கும் மணியும் மாட்டுங்கள். தீ விபத்தில் பெரியவர்கள் சட்டென்று திறக்க முடியவேண்டும், வாடகை வீடென்றால் முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். பக்கத்தில் குளமோ நீச்சல்குளமோ இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். இப்படி ஓடும் பிள்ளைகள் நீரை நோக்கிப் போவது அதிகம். காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடமும் அதுதான்.