பென்சில் முனையை ஒடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு

எழுதும்போது பென்சில் முனையை அடிக்கடி ஒடிப்பதையும், கதவு நிலையில் இடித்துக்கொள்வதையும், நண்பர்களை வலிக்கும்படி இறுக அணைப்பதையும் முரட்டுத்தனம் என்று முடிவுகட்ட வேண்டாம். தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தியை மூளை தெளிவாகப் பெறாதபோது, எவ்வளவு அழுத்தம் போதும் என்பது அக்குழந்தைக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. தசைகளுக்கு வேலை தரும் செயல்கள் இத்தகைய பிள்ளைகள் பலரை அமைதிப்படுத்துகின்றன. பினாங்கு சௌராஸ்தா சந்தையிலிருந்து திரும்பும்போது, தூக்கக்கூடிய எடையில் ஒரு பையைக் கொடுங்கள். அவசரப்படுத்தாமல் நடக்கவிடுவது மிக முக்கியம் என்று கருதுகிறேன். சப்பாத்தி மாவு பிசைவதும் நல்லது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுமுன் சுவரை இரு கைகளாலும் சற்று நேரம் தள்ளச் சொல்லுங்கள். உறுமி மேள ஓசை தாங்காத பிள்ளைக்குக் காதுக்கவசமும் எடுத்துச் செல்லுங்கள். சிரமம் தொடர்ந்தால், அரசாங்கச் சுகாதார கிளினிக் மருத்துவரிடம் தொழில்வழிச் சிகிச்சைக்கு (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) பரிந்துரை கேளுங்கள்.