ஹக்கா மண் வீடுகளில் இரவு தங்க அறை பிடிப்பது எப்படி?

சீனாவின் ஃபூஜியான் மாநில மலைகளில், மண்ணை இடித்துக் கெட்டித்து ஹக்கா மக்கள் எழுப்பிய பிரம்மாண்டமான வட்ட வீடுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். தூலோ என்பார்கள். 2008-ல் 46 தூலோக்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. கடலோர நகரமான ஷியாமெனிலிருந்து காலையில் பஸ் ஏறி, மாலையில் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போனால் முற்றத்தில் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். பல வீடுகளில் பகல்நேரப் பயணிகளை மாடிக்கே விடுவதில்லை. பஸ்கள் கிளம்பிய பிறகுதான் ஊர் ஊராகிறது. எனவே ஓர் இரவாவது தங்கப் பாருங்கள்.

படி 1: முதலில் ஊர், அப்புறம் அறை

புதிதாகப் போகிறவர்கள் அறையின் படத்தைப் பார்த்து மயங்கி, ஊர் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. தூலோக்கள் யொங்திங், நான்ஜிங், ஹுவாஆன் என்ற வட்டாரங்களில் சிதறிக் கிடக்கின்றன. நடுவில் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. ஓர் ஊரில் தங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கு பலிக்காது.

தூலோவுக்குள்ளேயே படுக்க ஆசையென்றால் யொங்திங் பக்கமுள்ள ஹொங்கெங் கிராமம் நல்ல தேர்வு. ஓடைக்கரையில் பெரியதும் சின்னதுமாகப் பல தூலோக்கள். 1912-ல் கட்டிய ஜென்செங் லோ இங்கேதான் இருக்கிறது. புகையிலை வெட்டும் கத்தி விற்றுப் பணம் சேர்த்த லின் குடும்பத்தினர் கட்டியது. 1709-ல் முடிந்த, நான்கு வளையமும் ஏறத்தாழ 400 அறைகளும் கொண்ட செங்சி லோவும் தொலைவில் இல்லை.

நான்ஜிங் பக்கம் போனால் என் ஓட்டு தாஷியா கிராமத்துக்கு. நடுவில் ஓடை, இருபுறமும் விடுதிகள், படுக்கையும் குளியலறையும் சுமாருக்கு மேல். அங்கிருந்து தியென்லுவோகெங் தூலோக் கூட்டம் கிட்டத்தில்தான்: நடுவில் ஒரு சதுர வீடு, சுற்றி மூன்று வட்டம், ஒரு முட்டை வடிவம். உள்ளூர்க்காரர்கள் அதை ‘நாலு கறி, ஒரு சூப்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். பஸ்கள் வரும் முன் மேலிருக்கும் பார்வைமேடையில் நிற்க வேண்டுமென்றால் பக்கத்தில் தங்கினால்தான் முடியும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நான்ஜிங் ஒரு கவுண்டி, அதாவது நம்மூர் வட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. ஆப்பில் பெயரை அடித்தால் வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் நான்ஜிங் பெருநகரம் முதலில் வந்து நிற்கும். ஃபூஜியான் மாநிலம்தானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 2: உள்ளேயா, வெளியேயா?

வழக்கமான தூலோவில் தரைத்தளம் சமையலறை, அதற்கு மேல் தானியக் கிடங்கு, மூன்றாம் தளத்திலிருந்துதான் படுக்கையறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழிருந்து மேல்வரை ஒரு துண்டு. படிக்கட்டும் நடைபாதையும் பொது. இப்படி வாடகைக்கு விடும் அறை சிறியது. தரை மரப்பலகை, யாராவது நடந்தால் கிறீச்சிடும். அறைகளுக்கு இடையே உள்ள சுவர் மெல்லியது, பக்கத்து அறைக் குறட்டை உங்களுக்கும் உண்டு. கழிப்பறை பெரும்பாலும் கீழே அல்லது வாசலுக்கு வெளியே. நடுராத்திரியில் செங்குத்தான மரப்படியில் டார்ச்சோடு இறங்க வேண்டும்.

வயதான பெற்றோரோ சின்னக் குழந்தையோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம். வெளியே புதுக் கட்டட விடுதியில் தங்கிவிடுங்கள். மற்றவர்கள் ஒரு இரவு உள்ளே, மறுநாள் வெளியே என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 3: பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

ட்ரிப்.காம் போன்ற ஆப்பில் தேடலாம். ‘தூலோ’ என்று பெயரில் இருந்தால் மட்டும் போதாது. தூலோ தெரியும் தூரத்தில் கட்டிய கான்கிரீட் விடுதியும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பு ஆப் வழியாக இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“வணக்கம். நாங்கள் இரண்டு பேர், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறோம். வெளிநாட்டவரைப் பதிவு செய்ய உங்களால் முடியுமா? அறை பழைய தூலோவுக்கு உள்ளேயா? எத்தனையாவது மாடி? கழிப்பறை எங்கே? இரவில் வாசல் கதவைப் பூட்டுவீர்களா? நுழைவுச் சீட்டு தனியாக வாங்க வேண்டுமா?”

முதல் கேள்விதான் முக்கியம். சீனாவில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். யாராவது வீட்டில் தங்கினால் நீங்களோ வீட்டுக்காரரோ காவல் நிலையம் போக வேண்டும். கிராமத்துச் சின்ன விடுதிக்காரருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். அவர் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

இந்தியர்களுக்கு விசா தேவை. தங்குமிடச் சான்று கேட்டால் காட்ட, ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுப்பது நல்லது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமலே போகலாம்.

படி 4: நாள் பார்ப்பது

அக்டோபர் முதல் வாரம், மே தின விடுமுறை, சீனப் புத்தாண்டு: இந்த மூன்றையும் தவிருங்கள். கோடையின் பிற்பகுதியில் புயல் மழை வரும். குளிர்காலத்தில் தடித்த மண்சுவர் இருந்தும் மர அறை சில்லென்றுதான் இருக்கும்.

படி 5: போய்ச் சேருவது

ஷியாமெனிலிருந்து நான்ஜிங் கவுண்டிக்கும், யொங்திங் பக்கம் போகிறவர்கள் இறங்கும் லோங்யான் நகரத்துக்கும் அதிவேக ரயில் உண்டு. ஸ்டேஷனிலிருந்து பஸ் அல்லது வாடகைக் கார். கிராமத்துப் பஸ் மாலையோடு நின்றுவிடும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். மதியத்துக்குள் ஸ்டேஷனில் இறங்கினால் நிம்மதி. விடுதிக்காரரிடமே கார் கேட்கலாம், ஆனால் கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். கூகுள் மேப்ஸ் அங்கே உதவாது. சீன மொழியில் விடுதிப் பெயரையும் முகவரியையும் போனில் படமாக வைத்திருங்கள். பணம் செலுத்தும் ஆப்பான அலிபேயில் உங்கள் கார்டை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள், கையில் கொஞ்சம் யுவான் நோட்டும் இருக்கட்டும்.

படி 6: சாப்பாடு

இரவுச் சாப்பாடு பெரும்பாலும் தங்கும் இடத்திலேயே கிடைக்கும். ஹக்கா சமையலில் பன்றி இறைச்சிக்குப் பெரிய இடம். உப்பிட்டுக் காயவைத்த கீரையோடு வேகவைத்த பன்றிக் கொழுப்புக்கறி அவர்களின் பெருமை. சைவர்கள் “இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம்” என்று சீனத்தில் எழுதிக் காட்ட வேண்டும். வெறும் “இறைச்சி வேண்டாம்” என்றால் கீரை பன்றிக்கொழுப்பில் வதங்கி வரும். வந்த உடனே சொல்லிவிடுங்கள், அடுப்பு பற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.