ரிம் கலிப்பரில் முட்டினால்: ஸ்பேசர் போடும் முறை

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்த அலோய் ரிம்மை முன்சில்லில் மாட்டிக் கையால் சுற்றும்போது ‘கிரீச்’ என்றால், எந்த இடம் உரசுகிறது என்று முதலில் பாருங்கள். ரிம்மின் கால்கள் (நடுவிலிருந்து விரியும் தண்டுகள்), பிரேக் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரின் முகத்தில் முட்டினால் ஸ்பேசர், அதாவது சில்லைப் பூட்டும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு, உதவும். ரிம்மின் உள்வளையம் கலிப்பரின் முதுகில் உரசினால் பெரும்பாலும் உதவாது. சில்லு வெளியே தள்ளுமே தவிர, வளையத்தின் விட்டம் கூடாது. அதற்கு ஓர் அங்குலம் பெரிய ரிம்மோ, வேறு வார்ப்போதான் தேட வேண்டும். கலிப்பரை அரத்தால் ராவிச் சரிக்கட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

இடைவெளியை அளக்க ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மா போதும். சுண்டைக்காய் அளவு உருண்டைகளைக் கலிப்பரின் மேடான மூன்று நான்கு இடங்களில் ஒட்டி, மேலே எண்ணெய் தடவுங்கள். சோதனைக்கு ஒரு ஸ்பேசரை வைத்து ரிம்மைப் பூட்டி, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய மாவின் மிக மெல்லிய இடத்தை வேணியர் இடுக்கியால் அளந்தால் 3 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

பலர் ஏமாறுவது இங்கேதான். சாதாரணக் கார்களில் இருப்பது நகரும் கலிப்பர். வெளிப்பக்கப் பேட் தேயத் தேய, அதன் உடம்பு ரிம்மை விட்டு உள்ளே போகும். தேய்ந்த பேட்டோடு அளந்தால் தாராளமாக இடம் தெரியும். புதுப் பேட் போட்ட அன்று கால்களில் முட்டும். ஆகவே புதுப் பேட் போட்டே அளக்க வேண்டும்.

தேவைக்கு மேல் தடிப்பான ஸ்பேசர் வாங்காதீர்கள். ஆப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம்வரை உள்ள தூரம்) 45 மில்லிமீற்றர் உள்ள ரிம், 5 மில்லிமீற்றர் ஸ்பேசரோடு 40 ஆகிவிடும். சில்லு அந்தளவு வெளியே வரும், பெயாரிங் சுமையும் கூடும். அதோடு நட் பூட்டும் ஸ்டட்டின் நீளத்திலும் அதே 5 மில்லிமீற்றர் போய்விடும். நட் பிடித்த இடத்திலிருந்து உட்காரும்வரை சுற்றுகளை எண்ணுங்கள். டொயோட்டா, ஹொண்டா கார்களின் 12×1.5 (தடிப்பு 12 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.5) ஸ்டட்டில் குறைந்தது 8 சுற்று, சுசுக்கி, நிசானின் 12×1.25இல் 10 சுற்று வேண்டும். வராவிட்டால் நீள ஸ்டட் அடிக்க வேண்டும். இரண்டு ஸ்பேசர்களை அடுக்குவது கூடவே கூடாது.

ஹப்பின் நடுக் கழுத்தையும் பாருங்கள். டொயோட்டா அக்ஸியோவில் அது 54.1 மில்லிமீற்றர், ஹொண்டா பிட்டில் 56.1. கழுத்தை ஸ்பேசர் விழுங்கிவிட்டால் ரிம்மை நடுவில் நிறுத்த எதுவும் இருக்காது, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மலைப்பாதையில் அந்த வேகம் வராது, கொழும்புக்கு இறங்கினால்தான் தெரியும். தனக்கென்று கழுத்துள்ள ஸ்பேசரே நல்லது. ரிம்மின் துளை பெரிதானால் இடையில் அலுமினிய வளையம் போடுங்கள். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது வரும் பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் வளையம் இளகலாம்.

அதே சூட்டில் சில்லின் எடையைச் சமப்படுத்த ரிம்முக்குள் ஒட்டும் பாலன்ஸ் ஈயமும் கழன்று கலிப்பரில் சிக்கும். ஈயத்தைக் கலிப்பர் ஓடும் பாதைக்கு விலக்கி ஒட்டச் சொல்லுங்கள். பாலன்ஸ் செய்தபின் மறுபடி சுற்றிப் பாருங்கள்.

பூட்டும்போது சமதரையில் நிறுத்தி, பின்சில்லுக்குக் கல் வைத்து, ஜெக்கோடு ஸ்டாண்டும் கொடுங்கள். மழையும் பனியும் ஹப்பில் துரு ஏற்றியிருக்கும். கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்க்காவிட்டால் ஒரு துருத் துணுக்கே ஸ்பேசரைச் சாய்த்துவிடும். ஹொண்டாவின் சொந்த நட்டுக்கு அடி உருண்டை. கடையில் வாங்கும் வெளி ரிம்களில் அநேகமாக 60 பாகைக் கூம்பு. பொருந்தாத நட் எவ்வளவு இறுக்கினாலும் இளகும். குறுக்கு நெடுக்காக, இரண்டு மூன்று தடவையாக இறுக்கி, இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச்சால் டொயோட்டாவுக்கு 103, ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீற்றரில் முடியுங்கள். ஸ்டட்டில் கிரீஸ் பூசாதீர்கள்.

பிறகு நான்கு பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள். கினிகத்தேனை வளைவுகளில் இந்த ஒடிப்புத் தேவைப்படும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும், சில்லு ஆறியபின், நட்டுகளை அதே அளவில் மீண்டும் இறுக்குங்கள். ஏதாவது நட் கால் சுற்றுக்கு மேல் திரும்பினால் ரிம்மைக் கழற்றி ஹப்பின் முகத்தைத் திரும்பச் சுத்தம் செய்யுங்கள்.