இருபரிமாண நினைவகம்: அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஓரிரு அணு அடுக்கே தடிமனுள்ள பொருள்களை இருபரிமாணப் பொருள்கள் என்பார்கள். அவற்றில் ஒன்றான மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றைப் படலம் சுமார் 0.65 நானோமீட்டர்தான் தடிமன். அதை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்தால் நினைவகமாக வேலை செய்யும் என்று 2018-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியது. இந்தத் துறையில் புதிதாக இறங்குபவர்கள் நல்ல பொருளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கோட்டை விடுவது அளப்பதில்.

இத்தகைய படலத்தால் செய்த டிரான்சிஸ்டரில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், மின்னோட்டம் போன வழியே திரும்பாமல் வளையம் போடும். உடனே "நினைவகம் கிடைத்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். பரப்பில் ஒட்டிய ஈரமும் ஆக்சிஜனும்கூட அதே வளையத்தைப் போடும். அடியிலுள்ள சிலிக்கான் டைஆக்சைடில் மின்னூட்டம் சிக்கிக்கொள்ளும் பொறிகளும் போடும். வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கி மறுபடி அளந்து பாருங்கள். வளையம் சுருங்கினால் பெரும்பகுதி காற்றின் வேலை.

மின்தடையை மாற்றி, அதையே நினைவில் வைத்திருக்கும் சாதனமான மெமரிஸ்டர் பக்கம் வந்தால், அதிகம் ஏமாற்றுவது ஆயுள் வரைபடம், அதாவது எத்தனை முறை மாறியும் தாங்கியது என்று காட்டும் படம். பத்து லட்சம் துடிப்புகள் கொடுத்துவிட்டு, நாற்பது ஐம்பது இடங்களில் மட்டும் மின்தடையைப் படித்துப் புள்ளி வைப்பார்கள். மடக்கை அச்சில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நடுவில் செல் (ஒரு தனி நினைவக அலகு) எத்தனை முறை மாறாமல் முரண்டு பிடித்தது என்பது யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மின்தடையைப் படித்தால்தான் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு. வேலை அதிகம்தான், வேறு வழியில்லை.

அப்புறம், செல்லில் பாயும் மின்னோட்டம் உச்ச வரம்பைத் தாண்டாமல் பார்க்கும் வேலையை அளவுக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. செல் சட்டென்று கடத்தத் தொடங்கும்போது கருவி சற்றுத் தாமதமாகத்தான் விழிக்கும். அதற்குள் கேபிளின் மின்தேக்கத்தில் இருந்த மின்னூட்டம் முழுக்க செல் வழியாகப் பாயும். உள்ளே உருவாகும் கடத்து இழை தேவைக்கு மேல் தடித்துவிடும். அதை அறுக்கக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும், செல்லும் சீக்கிரம் பழுதாகும். செல்லை ஒட்டியே ஒரு டிரான்சிஸ்டரைத் தொடரில் போடுவதுதான் சரியான மருந்து. சவூதியின் கிங் அப்துல்லா பல்கலைக்கழகக் குழு 2023-இல் இப்படித்தான் செய்தது: 180 நானோமீட்டர் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் மேல், இன்னொரு இருபரிமாணப் பொருளான அறுகோண போரான் நைட்ரைடு மெமரிஸ்டர்கள். சுமார் 50 லட்சம் சுழற்சிகள் தாங்கின.

படலத்தை மாற்றி ஒட்டும்போது விழும் விரிசலையும் மறக்காதீர்கள். மேல் மின்முனை உலோகம் அதில் இறங்கினால் நேரடிக் குறுக்குச் சுற்று. சில சமயம் அதுவும் திறந்து மூடி, மெமரிஸ்டர்போல நடிக்கும். ஒரே ஒரு செல்லை நம்பாமல், வெவ்வேறு பரப்பளவுள்ள பல செல்களை அளந்து, எத்தனை செத்தன என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.